அலுவலகத்தில் ஒன்று, ஆலயத்தில் ஒன்று

கேள்வி:

ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 43 வயது. பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒரு குழுவுக்குத் தலைவியாக இருக்கிறேன். பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்கு அருகே. நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். இங்கே தமிழ் ஆராதனை நடக்கும் சி.எஸ்.ஐ. சபையில் இருக்கிறோம்.

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பில் விநாயகர் சதுர்த்திக்கு எல்லா வீட்டிலும் வாங்கியதுபோல் எங்களிடமும் பணம் வாங்கினார்கள். கொடுத்தேன். பிரசாதத் தட்டோடு நிற்கும் என் படம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்து, எப்படியோ சபைக்கும் போய்விட்டது. சபையில் மூத்த அம்மா ஒருவர் முகத்துக்கு நேரே, "இருமனமுள்ளவள்" என்று சொல்லிவிட்டார்கள். அலுவலகத்திலோ உடன் வேலை செய்பவர் ஒருவர், "உங்க ஆளுங்க காசு கொடுத்துத்தானே மதம் மாத்துறாங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். அதே வாரம் சபைக் குழுவில், வேறு மதத்தவர் ஒரு தேவாலயத்தை உடைப்பதாக ஒரு காணொளி வந்தது. அது இந்தியாவே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் இதையெல்லாம் கவனித்துவிட்டு, "அம்மா, ஆபீஸ்ல ஒரு மாதிரி, சர்ச்ல ஒரு மாதிரி இருக்கீங்க. எதும்மா நிஜம்?" என்றான். அன்றிலிருந்து ஞாயிறு இரவுகளில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

நீங்கள் எழுதிய நான்கு நிகழ்ச்சிகளும் தனித்தனிப் பிரச்சினைகள்போலத் தோன்றினாலும், உங்கள் மகனுடைய கேள்வி அவை எல்லாவற்றுக்கும் நடுவே சரியாகப் போய் நிற்கிறது. அதை அவன் உங்கள்மேல் சாட்டிய குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளை தாயிடம் அப்படிக் கேட்கிறான் என்றால், உண்மையான பதில் அங்கேதான் கிடைக்கும் என்று நம்புகிறான். நம்பாத பிள்ளைகள் கேட்பதில்லை. ஆயராகவும் குடும்ப ஆலோசகனாகவும் இந்த நகரத்தில் பல குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியதில் எனக்கு உறுதியாகத் தோன்றியிருப்பது ஒன்றுதான். பிளவுபட்ட ஒரு சமுதாயத்தில் நம் விசுவாசம் சோதிக்கப்படுவது, மற்றவர்களிடமிருந்து நாம் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறோம் என்பதில் அல்ல. எங்கே போனாலும் ஒரே ஆளாக, உண்மை பேசுகிறவராக இருக்கிறோமா என்பதில்தான். அதற்கான விலையை நாம் அதிகமாகக் கொடுக்க வேண்டிய இடம், நாம் நினைப்பதுபோல் அலுவலகமோ குடியிருப்போ அல்ல, நம்மவர்கள் கூடியிருக்கிற இடம். ஆகவே பிரசாதத்தைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கலங்கினாலும், அந்தக் காணொளியின்போது நீங்கள் காத்த மௌனத்தையே நான் பெரிதாக நினைக்கிறேன். ஆனாலும் கலக்கம் இருக்கிற இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

உங்களைக் கண்டித்த அம்மா எந்த வேதபகுதியை மனதில் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதை ஒரே வசனத்தில் முடித்துவிட முடியாது. கொரிந்து பட்டணத்தில் கடையில் விற்ற இறைச்சியில் பலியிடப்பட்டதும் கலந்திருந்தது. உறவினர் வீட்டு விருந்தும் தொழில் கூட்டங்களின் விருந்தும் கோவிலோடு ஒட்டியே நடந்தன. அந்தச் சூழலில் இருந்த சிறு சபைக்குத்தான் அவர் முதலாம் நிருபத்தின் 8 முதல் 10 வரையுள்ள மூன்று அதிகாரங்களை எழுதினார். விக்கிரகம் என்பது ஒன்றுமில்லை என்கிறார். அதே மூச்சில், இந்த அறிவு எல்லாரிடத்திலும் இல்லை, உன் அறிவினால் பலவீனமான சகோதரன் கெட்டுப்போகலாமா என்று கேட்கிறார். கர்த்தருடைய பந்தியிலும் பிற பந்தியிலும் ஒருசேரப் பங்குபெறக் கூடாது என்று கடுமையாகச் சொன்ன அதே அதிகாரத்தில், விசுவாசியல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால், போக மனதிருந்தால் போய், முன்னே வைப்பதை விசாரியாமல் புசியுங்கள் என்றும், இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் அவர் பொருட்டுப் புசியாதிருங்கள் என்றும் சொல்கிறார். ஆராதனையில் கலந்துகொள்வதையும், அயலாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் அவர் ஒன்றாகப் பார்க்கவில்லை என்பதே நான் இதிலிருந்து புரிந்துகொள்வது. முதலாவதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டாவதை விட்டு ஓடவும் சொல்லவில்லை.

இதே நெருக்கத்தில் நின்ற இன்னொருவர் சீரியாவின் படைத்தலைவன் நாகமான். குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் தேவனைப் பற்றிக்கொண்டபின், ஊருக்குத் திரும்புமுன் அவர் எலிசாவிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறார்: ரிம்மோன் கோவிலில் ராஜா என் கைமேல் சாய்ந்து பணிந்துகொள்ளும்போது நானும் குனிய வேண்டிவரும், கர்த்தர் அதை எனக்கு மன்னிப்பாராக என்று. எலிசா அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சபாஷ் என்று தட்டிக்கொடுக்கவும் இல்லை. "சமாதானத்தோடே போ" என்று அனுப்பிவைத்தார். புதிதாக விசுவாசத்துக்கு வந்து, வேலையும் பதவியும் வேறோரிடத்தில் இருக்கிற ஒருவருடைய உள்நெருக்கடியை வேதாகமம் எவ்வளவு பொறுமையோடு நடத்துகிறது என்பதைப் பாருங்கள். அந்தப் பொறுமையில் பாதியாவது நாம் நம் சபையாருக்குக் காட்டலாமே என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இனி உங்கள் குடியிருப்புக்கு வருவோம். வரும் ஆண்டு குழுவினர் வந்து கேட்கும்போது, பணத்தை எதற்குக் கொடுக்கிறீர்கள் என்பதை நீங்களே சொல்லிக் கொடுங்கள். பூஜைக்கு நாங்கள் கொடுப்பதில்லை, அது எங்கள் விசுவாசம். ஆனால் அன்றைய மதியச் சாப்பாட்டுக்கும், குழந்தைகளின் ஓவியப் போட்டிக்கும், மறுநாள் இடத்தைச் சுத்தம் செய்கிறவர்களின் கூலிக்கும் எங்கள் பங்கு இது என்று நேராகவும் அன்பாகவும் சொல்லலாம். கேட்ட தொகையைவிடச் சற்றுக் கூடுதலாகவே கொடுங்கள். கொள்கை பேசுகிறவர் கஞ்சர் என்ற எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. பிரசாதம் நீட்டப்படும்போது இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொல்லுங்கள், அல்லது வணங்கி, எங்கள் வழக்கத்தில் நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை, தவறாக நினைக்காதீர்கள் என்று சொல்லுங்கள். எதைச் செய்வது என்பதை நான் உங்களுக்காகத் தீர்மானிக்க மாட்டேன். "விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே" என்று ரோமர் 14ஆம் அதிகாரம் முடிகிறது. உங்கள் மனச்சாட்சி எதில் நிம்மதியாக நிற்கிறதோ அதைச் செய்யுங்கள். செய்யக் கூடாதது, சிரித்தபடி வாங்கிக்கொண்டுபோய் வீட்டுக் குப்பைக்கூடையில் போடுவதும், அங்கே சாப்பிட்டுவிட்டுச் சபையில் சாப்பிடவில்லை என்பதும். உங்கள் மகன் கவனிப்பது தட்டிலிருந்த இனிப்பை அல்ல, அதைச் சுற்றி நீங்கள் சொல்கிற வார்த்தைகளை.

இங்கே நம் சபையாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறி, செப்டம்பர் 8 அன்று தேர் வரும்போது, அந்தத் தெருக்களில் நிற்கிறவர்களில் எத்தனையோ பேர் இந்துக்கள், முஸ்லிம்கள். அவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்த்து நாம் மகிழ்கிறோம். கிறிஸ்துமஸுக்கு நாம் கொடுத்தனுப்பும் கேக்கை அயலார் தட்டாமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறோம். நம் வாசலுக்கு வருகிறவர்களை வரவேற்றுவிட்டு, அவர்கள் வாசலுக்குப் போய் நின்ற நம் சகோதரியை மட்டும் சந்தேகிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அலுவலகத்தில் கேட்கப்பட்ட கேள்வி வேறு வகை. அது உங்களைக் கூசவைத்தது, ஏனென்றால் எல்லார் முன்னாலும் கேட்கப்பட்டது. அந்த நேரத்தில் சிரித்து மழுப்பியதற்காக உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாதீர்கள். திகைப்பில் எல்லாருக்கும் அப்படித்தான் வரும். ஆனால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டதாக விட்டுவிடவும் வேண்டாம். ஒரு நாள் மதியம், தனியாக, "அன்று நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்லட்டுமா" என்று தொடங்குங்கள். பேதுரு தம் முதல் நிருபத்தில், நம் நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு, அதாவது பதில், சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார். உத்தரவு சொல்லுங்கள் என்பதை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். வணக்கத்தோடு என்பதை விட்டுவிடுகிறோம்.

என்ன சொல்வது? உண்மையை முழுவதுமாகச் சொல்லுங்கள். பணத்தைக் காட்டியோ பயமுறுத்தியோ ஒருவரை விசுவாசத்துக்குக் கொண்டுவருவது தவறு, எங்கள் வேதத்தின்படியே தவறு, அப்படி யாராவது செய்தால் நானும் அதை எதிர்க்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு உங்கள் குடும்பத்தின் கதையைச் சொல்லுங்கள். உங்கள் ஊருக்கு அருகே முதலூர் 1799இல் புது விசுவாசிகளின் குடியிருப்பாக எழுந்தது. துன்புறுத்தலுக்குத் தப்பி வந்தவர்கள் ஓரிடத்தில் சேர்ந்து வாழ அமைத்துக்கொண்ட ஊர் அது. அதன்பின் திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராக மக்கள் சபையில் சேர்ந்தபோது, ஆண்டவரைத் தேடிய தாகம் இருந்தது. கூடவே பள்ளிக்கூடமும், நிலக்காரரின் கொடுமையிலிருந்து பாதுகாப்பும், மனிதராக நிமிர்ந்து நடக்கிற மரியாதையும் அதில் கலந்திருந்தன. இதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. மிதிபட்ட ஒருவர் தன்னைத் தூக்கிவிட்ட கையைப் பற்றிக்கொண்டதை விலைபோனதாகச் சொல்வது அந்த மனிதரையே சிறுமைப்படுத்துவதாகும் என்பதை அமைதியாக எடுத்துச் சொன்னால், கேட்கிறவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் யோசிப்பார்.

சட்டத்தையும் சரியாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாதாடுவதற்காக அல்ல, தவறாகப் பேசிவிடாமல் இருப்பதற்காக. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், மதத்தை அறிக்கையிடவும், கடைப்பிடிக்கவும், பரப்பவும் உள்ள உரிமையையும் எல்லாருக்கும் தருகிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் சொன்னது. கர்நாடகம் 2022இல் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதை நீக்குவதென்று 2023 ஜூனில் அடுத்த அரசின் அமைச்சரவை முடிவெடுத்தது. 25ஆம் பிரிவின் வாசகம் அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் விவாதிக்கப்பட்டபோது அதற்காகப் பேசியவர்களில் ஒருவர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கிறிஸ்தவக் கல்விக்கூடங்களில் ஏறத்தாழ 14 ஆண்டுகள் படித்தும் தம்மை மதம் மாற்ற ஒரு முயற்சியும் நடக்கவில்லை என்று இந்துவான அவர் அந்தச் சபையில் எழுந்து சாட்சி சொன்னார். உங்கள் அலுவலக நண்பரிடம் நீங்கள் பேசும்போது இதையும் சொல்லலாம். அதைவிட முக்கியமாக, நம்மைப் பற்றி இப்படி உண்மை பேச அயலார் ஒருவர் அன்று இருந்தார் என்பதையும், அயலாரைப் பற்றி அப்படி உண்மை பேச நம்மில் எத்தனை பேர் இன்று இருக்கிறோம் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் குழுத் தலைவி. உங்கள் கீழ் வேலை செய்கிறவர்களின் சம்பள உயர்வும் மதிப்பீடும் உங்கள் கையில் இருக்கின்றன. அவர்களிடம் நீங்களாக விசுவாசத்தைப் பற்றித் தொடங்குவதும், கேட்காமல் ஜெபிக்கட்டுமா என்று சொல்வதும் கூடாது என்பது என் கருத்து. நம்மைவிடத் தாழ்ந்த இடத்தில் நிற்கிறவரால் நம்மிடம் வேண்டாம் என்று எளிதில் சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் சொல்லப்படும் ஆம், ஆம் அல்ல. அவர்களாகவே துயரத்தில் வந்து கேட்டால் அப்போது தயங்க வேண்டாம். மற்றபடி அங்கே உங்கள் சாட்சி, மதிப்பீட்டில் பாரபட்சம் காட்டாதிருப்பதும், வேறொருவர் செய்த வேலைக்கு உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளாதிருப்பதும், ரம்ஜான் நோன்பு இருக்கிறவருக்கு மாலைக் கூட்டத்தை முன்னதாக முடித்துக் கொடுப்பதும்தான்.

இப்போது அந்தக் காணொளிக்கு வருகிறேன். "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. அந்தப் பிறன் எந்த மதத்தவன் என்று கட்டளை கேட்கவில்லை. விக்கிரகத்தைப் பற்றிய கட்டளை மீறப்பட்டதோ என்று உங்கள் படத்தை வைத்து விசாரித்த அதே குழுவில், இந்தக் கட்டளை எல்லார் கண்முன்னும் மீறப்பட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை; நீங்களும் திறக்கவில்லை. இதைச் சொல்வது உங்களுக்கு வலிக்கும். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான் என்று நான் நினைக்கிறேன்; இல்லாவிட்டால் நான் கேட்காமலேயே இதை எழுதியிருக்க மாட்டீர்கள்.

பொய்க் காணொளிகளால் வரும் கேடு அயலாருக்கு மட்டுமல்ல. 2008 ஆகஸ்டில் ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன. அடுத்த மாதமே நம் கர்நாடகத்தில், மங்களூரு முதலிய இடங்களில், ஜெபக்கூடங்கள் தாக்கப்பட்டன. 2023 மே முதல் மணிப்பூரில் குக்கி, மைத்தேயி ஆகிய இரு தரப்பினரின் தேவாலயங்களும் எரிந்தன. இவை நடந்தவை; சாட்சிகள் இருக்கிறார்கள், ஆவணங்கள் இருக்கின்றன. எங்கோ வெளிநாட்டில் நடந்ததை எடுத்து, நேற்று இங்கே நடந்தது என்று நாம் அனுப்பிக்கொண்டே இருந்தால், நாளை உண்மையாகவே அடிபட்ட ஒரு குடும்பம் வந்து நிற்கும்போது, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று உலகம் கைகழுவிவிடும். நம் துன்பத்தைப் பற்றி நாம் துல்லியமாகப் பேச வேண்டியது, துன்பப்பட்டவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

அனுப்பியவரைக் குழுவில் வைத்துத் திருத்த வேண்டாம். முதலில் அவரோடு தனியே பேசுங்கள். உன் சகோதரன் குற்றம் செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கையில் அதை உணர்த்து என்று மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன முறை, வாட்ஸ்அப் காலத்துக்கும் பொருந்துகிறது. காணொளியின் ஒரு காட்சியைப் படமாக எடுத்து கூகுளில் தேடினால் அது எங்கே, எப்போது எடுத்தது என்பது பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அதை அவருக்குக் காட்டி, அவரே குழுவில் திருத்தம் போடும்படி கேளுங்கள். அவர் மறுத்தால், நீங்கள் ஒரே வரி எழுதுங்கள்: இந்தக் காணொளி இந்த நாட்டில் எடுத்ததல்ல, நாம் பொய்யைப் பரப்பக் கூடாது. அதற்குமேல் விவாதிக்காதீர்கள். சிலர் உங்களை ஓரம் கட்டுவார்கள். ஏற்கெனவே பிரசாதத் தட்டு, இப்போது இது என்பார்கள். பாதியில் குழுவை விட்டு வெளியேறிவிடாதீர்கள். வெளியேறினால் அங்கே உண்மை சொல்ல ஒருவர் குறைவார்.

பிளவு வெளியே மட்டும் இருக்கிறது என்ற எண்ணமும் நமக்கு வேண்டாம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றிலுமாகவும் கைவிடப்பட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நம் முன்னோர் பலர் அதைக் கேட்டுச் சபையைவிட்டே விலகி நின்றார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய வேறுபட்ட மரபுகள் இணைந்து நம் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, பிறந்தது. உலகமே வியந்த ஒற்றுமை அது. ஆயினும் இன்றைக்கும் பெங்களூருவில் நம் சபைக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால், "உங்களுக்கு எந்த ஊர், அங்கே எந்தத் தெரு, எந்தச் சபை" என்று அடுக்கிக்கொண்டே போய், கேட்க விரும்பிய ஒன்றைக் கேட்காமலே தெரிந்துகொள்கிறோம். வரன் தேடும் விளம்பரத்தில் திருச்சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயரை அச்சடிக்கிறோம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார் என்றும், பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் என்றும் கலாத்தியர் நிருபத்தில் படிக்கிறோம். அங்கே பேதுருவை விலகச் செய்தது எதிரிகளுக்கான பயம் அல்ல, தம்முடையவர்களுக்கான பயம். நீங்கள் இப்போது படுகிற பயமும் அதே வகை என்பதால்தான் இதை நினைவூட்டுகிறேன். நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள்.

இந்த நகரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுவதிலும் கன்னடர் ஒருவர்கூட வரவில்லை. 1809இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு எனப்படும் ராணுவக் குடியிருப்பை அமைத்த காலத்திலிருந்து சிப்பாய்களாகவும் வியாபாரிகளாகவும் வேலைக்காரர்களாகவும் தமிழர் வந்து அல்சூரிலும் சிவாஜிநகரிலும் குடியேறினார்கள். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் இங்கே தமிழர்கள் தாக்கப்பட்டதை உங்கள் சபையின் மூத்தவர்கள் மறக்கவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே நின்று, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு தரப்பும் தத்தம் கவியை மற்றவர் ஊரில் விருந்தாளியாக வைத்த பிறகுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில், நீங்கள் வாழ்கிற "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி" அதற்காக ஜெபியுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும் என்று ஒரு வசனம் உண்டு. பெங்களூருவில் வாழும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவருக்கு அதன் முதல் நடைமுறைப் பொருள், கன்னடம் கற்றுக்கொள்வது என்று நான் சொல்லுவேன். ஜெர்மனியிலிருந்து பாசல் மிஷன் ஊழியராக வந்த ஃபெர்டினாண்டு கிட்டல் 1894இல் வெளியிட்ட கன்னட–ஆங்கில அகராதிக்காகக் கன்னடர்கள் அவரை இன்றும் கொண்டாடுகிறார்கள். மகாத்மா காந்தி சாலையில் அவருக்குச் சிலை இருக்கிறது. வீரமாமுனிவரையும் போப்பையரையும் கால்டுவெல்லையும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற நாம், குடியிருக்கிற ஊரின் மொழியில் காவலாளியிடம் நான்கு வாக்கியம் பேசத் தெரியாமல் இருப்பது சரியல்ல. உங்கள் மகனுக்கு உங்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கும், அவனிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

அவனுடைய கேள்விக்குப் பதில் சொல்வதை இனியும் தள்ளிப்போடாதீர்கள். தத்துவம் வேண்டாம். "நீ கேட்டது சரி. எனக்குப் பயமாக இருந்தது. ஆபீஸில் வேலைக்காகப் பயந்தேன், சர்ச்சில் பேச்சுக்காகப் பயந்தேன். இனிமேல் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி பேச முயற்சி செய்யப் போகிறேன், நான் தவறும்போது நீ சொல்லு" என்று சொல்லுங்கள். பெற்றோர் பயந்ததை ஒத்துக்கொள்வதைக் கேட்ட பிள்ளைகள் அவர்களை மதிக்காமல் போவதை நான் பார்த்ததில்லை. பள்ளியில் அவனுக்கும் இப்படிப்பட்ட கேள்விகள் வருகின்றனவா என்று கேளுங்கள். வரும், அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவனைக் கொடி பிடிக்க அனுப்பாதீர்கள். எந்த நண்பனை வீட்டுக்கு அழைத்துவந்தாலும் நல்லபடியாகச் சாப்பாடு போடுங்கள். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், பின்னாளில் பேராயரான நம் திருநெல்வேலிச் சீமையின் வேதநாயகம் அசரியா மேலைநாட்டு மிஷனரிகளைப் பார்த்து, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். உதவி செய்கிற இடத்தில் இருந்தவர்கள் சமமாகப் பழகத் தயங்கியதைத்தான் அவர் சுட்டினார். இன்று நம் பிள்ளைகளின் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் இந்துப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் நாம் தர வேண்டியதும் அதுவே என்று நான் நம்புகிறேன்.

தூக்கத்தைப் பற்றி ஆலோசகனாக ஒரு வார்த்தை. மறுநாள் வேறொரு முகத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பே ஞாயிறு இரவு உடலை விழிப்பில் வைக்கக்கூடும். மேலே சொன்னவற்றில் ஒன்றிரண்டைச் செய்யத் தொடங்கியதும் அது குறைய வாய்ப்பு உண்டு. குறையாமல் மற்ற நாள்களுக்கும் பரவினால், மார்பில் இறுக்கமோ வேலையில் கவனக்குறைவோ தொடர்ந்தால், அதை விசுவாசக் குறைவாக எண்ணி உபவாசத்தால் மட்டும் சரிசெய்யப் பார்க்காமல் மருத்துவரைப் பாருங்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்தால் கட்டணமில்லாமல் தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, உங்களை இருமனம் என்று சொன்ன அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றபடி அல்ல, அவர்கள் வீட்டுக்குப் போய், முடிந்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு. 1991ஐப் பார்த்தவர்களாகவோ, சொந்தக்காரர்கள் விலக்கிவைத்த வலியைச் சுமப்பவர்களாகவோ அவர்கள் இருக்கலாம். அந்தக் கடுமைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு, அன்று என்ன நடந்தது, எதைக் கொடுத்தேன், எதைக் கொடுக்கவில்லை, இந்த ஆண்டு என்ன செய்யப் போகிறேன் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர்கள் ஏற்றுக்கொள்ளாமலும் போகலாம். அப்படியானால் இருவருமாக உங்கள் ஆயரிடம் சென்று, கொரிந்தியர் நிருபத்தின் அந்த மூன்று அதிகாரங்களையும் வார நாள் வேதபாடத்தில் எடுக்கும்படி கேளுங்கள். சதுர்த்திக்கு ஒரு மாதம் முன்பாகவே அது நடந்தால் நல்லது. பணம் கேட்டு வீட்டுக்கு வருமுன் எப்படிப் பதில் சொல்வதென்று தெரியாமல் உங்களைப் போலவே குழம்பிக்கொண்டிருக்கிற குடும்பங்கள் உங்கள் சபையில் இன்னும் இருக்கும்.